கொமடோர் 64: பழுதறிதலும் பழுதுநீக்கமும்

கொமடோர் 64, அமெரிக்காவில் உருவான எட்டு பிட் வீட்டுக் கணினி. 1982 ஜனவரியில் லாஸ் வேகஸ் நுகர்வோர் மின்னணுவியல் கண்காட்சியில் காட்டப்பட்டு, ஆகஸ்டில் 595 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. விற்றவை சுமார் 1.25 கோடி. இவற்றுள் இன்று உயிரின்றிக் கிடப்பவற்றின் பழுது பெரும்பாலும் மின்வழங்கி, நினைவகச் சில்லுகள், பிஎல்ஏ சில்லு ஆகிய மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

இக்கணினியின் நோய்களுக்கும் அதன் பிறப்புக்கும் தொடர்பு உண்டு. 1975இல் பென்சில்வேனியாவின் மாஸ் டெக்னாலஜி நிறுவனம், மோட்டோரோலாவிலிருந்து வந்த சக் பெடில் முதலானோரின் உழைப்பில் 6502 நுண்செயலியை 25 டாலருக்கு விற்றது. போட்டியாளர்களின் நுண்செயலிகள் அப்போது பல மடங்கு விலை. மறு ஆண்டே, கணிப்பான் விற்றுக்கொண்டிருந்த ஜாக் டிரமியலின் கொமடோர் நிறுவனம் மாஸை விலைக்கு வாங்கியது. சொந்தச் சில்லுப் பட்டறை கைக்கு வந்ததால் வெளியாரிடம் கையேந்த வேண்டியதில்லை. படத்துக்கு ஆல் சார்பென்டியர் குழுவின் விக்-2, ஒலிக்கு பாப் யானஸின் எஸ்ஐடி 6581, மையச் செயலியாக 6502இன் தம்பியான 6510, உள்ளீடு வெளியீட்டுக்கு இரண்டு 6526 என எல்லாமே வீட்டிலேயே சமைந்தன.

ஆகவே கணினியின் மின்சுற்றுப் பலகையில் இரு சாதிச் சில்லுகள் உண்டு. 74 வரிசைத் தருக்கச் சில்லுகள், 4164 நினைவகம், 2114 வண்ண நினைவகம், 556 நேரச் சில்லு ஆகியவை கடைச்சரக்கு. பல நிறுவனங்கள் செய்தவை. மாஸ் முத்திரையுள்ளவை வீட்டுச்சரக்கு, வேறெங்கும் வார்க்கப்படவில்லை; அதனால் பழுதானால் மாற்றுக் கிடைப்பது கடினம். பிஎல்ஏ மட்டும் இரண்டுங்கெட்டான். 906114 என்ற எண் கொண்ட அது, தொடக்கத்தில் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்தின் 82எஸ்100 சில்லில் நிரல் பதித்ததாக இருந்தது. பிறகு மாஸே செய்தது. அதிகம் சாவது மாஸ் செய்ததுதான். எந்த முகவரிக்கு எந்தச் சில்லு பதில் சொல்ல வேண்டும் என்று தீர்மானிப்பது பிஎல்ஏவின் வேலை என்பதால், அது போனால் கறுப்புத் திரைதான் மிஞ்சும்.

கணினியைக் கொல்லும் முதல் குற்றவாளி அதனுடன் வந்த மின்வழங்கிப் பெட்டி. மின்மாற்றியையும் 5 வோல்ட் சீராக்கியையும் ஒரே டப்பாவில் வைத்து எபாக்சி பிசின் ஊற்றி மூடிவிட்டார்கள். வெப்பம் வெளியேற வழியில்லை. திறந்து பார்க்கவும் வழியில்லை. சிக்கனத்தின் பெயரில் செய்த இதைவிட மோசமான வடிவமைப்பை அக்கால வீட்டுக் கணினிகளில் காண்பது அரிது. சீராக்கி பழுதானால் மின்னழுத்தம் 5 வோல்ட்டைத் தாண்டி ஏறும். நினைவகச் சில்லுகள் முதலில் சாகும். எனவே கணினியில் செருகுமுன் ஏழு ஊசிச் செருகியில் மல்டிமீட்டர் வைத்து அளக்க வேண்டும். நேர்மின்னோட்டம் 5 வோல்ட்டும் மாறுமின்னோட்டம் 9 வோல்ட் அளவிலும் காட்ட வேண்டும். 5.25ஐத் தாண்டினால் பெட்டி குப்பைக்குத்தான். சரியாகக் காட்டும் பழைய பெட்டியும் அரை மணி சூடான பின் ஏறலாம் என்பதால் புதிய மின்வழங்கியே உத்தமம். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கானது. 230 வோல்ட்டில் செருகினால் அதோடு முடிந்தது.

அடுத்து விளக்கைப் பார்க்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தும் படம் வராவிட்டால், பலகையிலுள்ள 1.5 ஆம்பியர் ஃப்யூஸைச் சோதிக்க வேண்டும். விளக்குக்கு 5 வோல்ட் போதும். பழைய பலகைகளில் விக்-2க்கும் கடிகாரச் சுற்றுக்கும் வேண்டிய மின்சாரமோ 9 வோல்ட் வழியிலிருந்து வருகிறது. அந்த ஃப்யூஸ் போனால் விளக்கு மட்டும் எரியும்.

நலமாக இருக்கும் கணினி நீலத் திரையில் 38911 பைட்டுகள் காலி என்று காட்டும். எண் குறைந்தால் நினைவகத்தில் கோளாறு. திரை முழுக் கறுப்பாக இருந்தால் விரலே கருவி: இயக்கி ஒரு நிமிடம் கழித்து எட்டு 4164 சில்லுகளையும் வரிசையாகத் தொட்டால், பக்கத்திலுள்ளவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் சுடும். அதுதான் செத்தது. மைக்ரான் நிறுவனத்தின் எம்டி முத்திரையுள்ளவற்றில் இது அடிக்கடி நேரும். விக்-2உம் பிஎல்ஏவும் இயல்பாகவே சூடானவை. அவற்றைக் கொண்டு முடிவு கட்டக் கூடாது. டெட் டெஸ்ட் என்னும் சோதனைக் காட்ரிட்ஜ், கணினியின் நினைவகத்தை நம்பாமலே ஓடும். கோளாறு கண்டால் திரையை மின்னவைக்கும். எத்தனை முறை மின்னுகிறது என்பதிலிருந்து எந்தச் சில்லு என்று தெரியும். விசைப்பலகையோ ஜாய்ஸ்டிக்கோ மட்டும் வேலை செய்யாவிட்டால் இரண்டு 6526களையும் இடம் மாற்றிப் பார்க்கலாம்; பழுதும் கூடவே இடம் மாறினால் சந்தேகம் உறுதி. அவை சாக, ஜாய்ஸ்டிக் துளையின் ஊசியில் விரலின் நிலைமின்சாரம் பட்டாலே போதும்.

சாக்கெட்டில் இல்லாத சில்லை முழுசாகக் கழற்ற முயன்றால் பலகையின் மெல்லிய செப்புத் தடங்கள் பெயரும். கால்களை வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாக ஈயத்தை உருக்கி எடுத்து, அங்கே சாக்கெட் வைப்பதே பாதுகாப்பு. மின்தேக்கிகளை எல்லாம் ஒரேயடியாக மாற்றுவது வீண் வேலை. இக்கணினியில் அவை அரிதாகவே கசிகின்றன.

கொமடோர் 1994 ஏப்ரலில் திவாலானது. ஆனாலும் இன்று பிஎல்ஏவுக்கும் எஸ்ஐடிக்கும் மாற்றுச் சில்லுகளும் புதிய பலகைகளும் கிடைக்கின்றன. அசல் 6581 வாங்குவோர் கவனிக்க: வேறு சில்லின் மேல்தோலைச் சுரண்டி 6581 என்று எண் அச்சிட்ட போலிகளும் விற்பனையில் உள்ளன.