பெட்டியும் அலமாரியும்: வட சிலாங்கூர்த் தோட்டங்கள் விட்டுச் சென்ற சான்றுகள்

ஒரு குடியின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுவர். கோல சிலாங்கூர், ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், உலு சிலாங்கூர் வட்டாரங்களில் காடழித்து ரப்பர் நட்ட தமிழருக்குக் கல்வெட்டு இல்லை, செப்பேடும் இல்லை. அவர்கள் விட்டுச் சென்ற சான்றுகளுள் தலையாயது பெட்டி. இன்று பழைய மரச்சாமான்களைத் தேடி வாங்கி வீட்டின் முன்கூடத்தில் வைப்பது நகரங்களில் ஒரு விருப்பமாகிவிட்டது. அவ்வாறு தேடுவோர் எதனைத் தேடுகிறோம் என்று அறிந்து தேடுதல் நன்று. அதன்பொருட்டே இக்கட்டுரை.

சொல் காட்டும் வழி

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'பெட்டி' நம் சொல். மலாய் மொழியினர் அதனைப் 'பெத்தி' என்று எடுத்துக்கொண்டனர். இன்று அவர்கள் குளிர்பதனப் பெட்டியைப் 'பெத்தி செஜுக்' என்பர். அஞ்சற் பெட்டியைப் 'பெத்தி சூராட்' என்பர். கப்பல், கடை ஆகிய சொற்களைப் போலவே இதுவும் தோட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே வணிகரோடு கடல் கடந்த சொல்லாகும். தொழிலாளி தகரப்பெட்டியைத் தலையில் சுமந்து துறைமுகத்தில் இறங்கியபோது, அவன் சுமந்த பொருளின் பெயர் அவனுக்கு முன்பே இந்நாட்டில் குடியேறியிருந்தது.

'அலமாரி'யின் கதை வேறு. அது போர்த்துகீசியரின் 'அர்மாரியோ' என்னும் சொல்லின் திரிபு. மேசையும் சாவியும் ஜன்னலும் அவர்கள் வழியே தமிழுக்கு வந்தவை. மலாயிலும் அது 'அல்மாரி' என்றே வழங்குகிறது. 'பீரோ' பிரெஞ்சு மூலத்தது. ஆக, நம் வீட்டில் மூடி திறப்பது பெரும்பாலும் தமிழாகவும், கதவு திறப்பது பெரும்பாலும் அயற்சொல்லாகவும் இருப்பதைக் காணலாம். பெட்டகம், பேழை, பத்தாயம் ஆகிய மூன்றும் மேலே திறப்பவை என்பதை எண்ணிப் பார்க்க.

லயத்து வீட்டில் பெட்டி

1910-ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதன் பின்னர்க் கங்காணி வழியாகவும், தாமாகவும் மக்கள் வந்தனர். 1938-இல் இந்திய அரசு உதவி பெற்ற குடிபெயர்வைத் தடை செய்தது. 1926 முதல் பல்லாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என ஓடிய 'ரஜுலா' கப்பலில் வந்தோரின் கையில் பெரும்பாலும் இருந்தது டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளை வண்ணத்தில் பெயரும் ஊரும் எழுதியிருக்கும்.

ஊரில் நெல்லுக்குப் பத்தாயமும் குதிரும் உண்டு. லயத்தில் அவற்றுக்கு வேலையில்லை. விளைத்து உண்ட குடி இங்கே கடையில் அரிசி வாங்கி உண்ணும் குடியாயிற்று. அரிசிக்குத் தகர டின் போதுமானது. எனவே தோட்டத் தமிழனின் பேழை தானியம் காக்கும் தொழிலை விட்டுத் துணியும் நகையும் தாளும் காக்கும் தொழிலை மேற்கொண்டது. இம்மாற்றத்தில் ஒரு சமுதாயத்தின் பொருளியல் மாற்றமே அடங்கியுள்ளது.

லயத்து அறை சிறிது. ஆதலின் பெட்டியே இருக்கையாயிற்று. சிறுவர் எழுதும் பலகையாயிற்று. சில வீடுகளில் சாமி படத்துக்குப் பீடமுமாயிற்று. பின்னர் வந்தது கம்பிவலை அலமாரி. சமைத்த உணவை ஈயும் பூனையும் அணுகாமல் காப்பது அது. எறும்பு ஏறாதிருக்க அதன் நான்கு கால்களையும் நீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவர். அதற்கும் பின்னர் வந்தது கண்ணாடி அலமாரி. பிள்ளை பள்ளியில் பெற்ற கிண்ணமும் பயன்படுத்தாத பீங்கான் தட்டுகளும் அதில் அமர்ந்தன. ஒளித்து வைத்த குடும்பம் காட்டி வைக்கத் தொடங்கிய காலம் அது.

துரையின் சைட்போர்டு

அதே தோட்டத்தின் மேட்டில் துரையின் பங்களா இருந்தது. சைட்போர்டு என்னும் நீண்ட தாழ்ந்த பேழை, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் உணவறையில் உருப்பெற்றது. உணவு பரிமாறவும், தட்டு, கரண்டி, மேசை விரிப்பு ஆகியவற்றை வைக்கவும் ஏற்பட்டது. உணவுக்கென்று தனியறையும், பரிமாற ஆளும் உள்ள வீட்டுக்கே அது பொருந்தும்.

இவ்வட்டாரத்தில் பெயர் பெற்ற தோட்டக்காரர் ஆன்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1905-இல் மலாயா வந்து, கோல சிலாங்கூர் அருகே ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் நட்டார். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் எண்ணெய்ப்பனை நடப்பட்டது. நாட்டின் முதல் வாணிக எண்ணெய்ப்பனைத் தோட்டம் அதுவே. அதன் பெயர் தமிழ்ப்பெயர் என்பதைத் தமிழாசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும். இந்நாட்டு வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'மலேசி' என்னும் புதினம் 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. துரையின் பக்கம் நூலாகியது. லயத்தின் பக்கம் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

பெட்டியின் அடியில் கிடந்த தாள்

பெட்டி காத்த பொருள்களுள் விலையுயர்ந்தது நகையன்று, தாள். பிறப்புச் சான்று, அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஊர்க்கடிதம் ஆகியன அடித்தட்டில் கிடந்தன. 1957-இல் நாடு விடுதலை பெற்ற பின்னர்க் குடியுரிமைக்கு அத்தாள்களே ஆதாரமாயின. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை உரிமம் இன்றியமையாததாயிற்று. அதனையடுத்து ஆயிரக்கணக்கான தமிழர் இந்தியாவுக்குத் திரும்பினர். ஈரத்திலும் கரையானிலும் ஒரு தாள் அழிந்தால், பல்லாண்டு உழைத்த குடும்பத்துக்குத் தன் பிறப்பை மெய்ப்பிக்கும் வழியே அடைபட்டுவிடும். பெட்டியின் பூட்டு எத்துணைப் பெரிய பொறுப்பைச் சுமந்தது என்பதை இதனால் உணரலாம்.

தேர்ந்தெடுக்கும் முறை

பழைய பேழை வாங்குவோர் முன்பக்கத்தைப் பார்த்து மயங்குதல் கூடாது. இழுப்பறையை முழுதும் வெளியே எடுத்து, அடிப்பலகையையும் பின்பலகையையும் பார்க்க. கையால் இழைத்த பலகையில் சிறு மேடு பள்ளம் தடவும் விரலுக்குத் தெரியும். எல்லா இணைப்பும் ஒரே அளவாக இருப்பின் அது பொறியின் வேலை. மரத்தில் துளைகள் இருப்பது குற்றமன்று. துளையிலிருந்து புதிய வெளிர் தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது என்று பொருள். கம்பிவலை அலமாரி நீரில் நின்றதாகலின், அதன் கால் நுனிகளையே முதலில் அழுத்திப் பார்த்தல் வேண்டும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும்; குழந்தைகள் உள்ள வீட்டில் அதனை உலரச் சுரண்டுதல் தீது.

டிரங்குப் பெட்டியை வாங்கினால் மூடியில் உள்ள பெயரை அழியாது விடுக. உள்ளே விரித்த செய்தித்தாளையும் எறியற்க. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' போன்ற ஏட்டின் ஒரு தாள் அங்குக் கிடைக்குமாயின், அது பெட்டியினும் அரிய பொருள்.

இன்னொன்றும் கருதத்தக்கது. பால் வற்றிய ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகாகவே போயிற்று. வெட்டியவுடன் பூஞ்சையும் வண்டும் பற்றும் இயல்பினது அது. மருந்தூட்டி உலர்த்தும் முறை பரவிய பின்னர், சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அதுவே மலேசிய மரச்சாமான் தொழிலின் முதன்மை மரமாயிற்று. ஆதலின் ரப்பர் மரத்தாலான அலமாரியைக் காட்டி 'நூற்றாண்டுப் பழமை' என்று விற்பாரை நம்பற்க.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் எண்ணெய்ப்பனைக்கு இடம் தந்தது, பின்னர்ப் பல தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. பத்தாங் பெர்ஜுந்தையும் 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போனோர், இடமின்மையால் பெட்டியைப் பழஞ்சாமான் வண்டிக்குக் கொடுத்தனர். அவ்வாறு போனதே இன்று நகரத்துக் கடையில் விலையேறி நிற்கிறது.

தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். தாத்தா பாட்டி வீட்டில் எஞ்சியிருக்கும் ஒரு பெட்டியைப் பற்றி மாணவரைக் கட்டுரை எழுதச் சொல்லுங்கள். யார் கொணர்ந்தது, எந்தத் தோட்டத்தில் இருந்தது, உள்ளே என்ன இருந்தது என்ற மூன்று வினாக்கள் போதும். விடை சொல்ல வல்ல முதியோர் இன்றும் சிலர் நம்மோடு உள்ளனர். பெட்டியை விற்றாலும் மீட்கலாம், அவர்கள் நினைவை மீட்க இயலாது.