குடை ராட்டினம்

குடை ராட்டினம் என்பது நடுத்தூணைச் சுற்றிச் சுழலும் வட்ட மேடையில் மரக்குதிரைகளும் சிறு தேர்களும் பொருத்திய கேளிக்கைச் சாதனம். சிறுபிள்ளைகளுக்கானது என்று இன்று கருதப்பட்டாலும், ஐரோப்பிய அரசவைகளின் போர்ப்பயிற்சியிலிருந்து பிறந்தது இது. சுழலும் ஊஞ்சல்கள் பொதுமக்களிடம் ஏற்கெனவே இருந்தன. ஒட்டோமான் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பிலிப்போபோலிசில் (இன்றைய பல்கேரியாவின் பிளவ்டிவ்) அப்படிப்பட்டவற்றை 1620இல் கண்டதாக ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி எழுதியிருக்கிறார். அரண்மனை தந்தவை குதிரையும், அதன் பகட்டான அலங்காரமும், ஓடும்போதே கைநீட்டிப் பறிக்கும் வளையமும்தான்.

கதை ஒரு மரணத்தை ஒட்டித் திரும்புகிறது. 1559 ஜூன் 30 அன்று பாரிசில் நடந்த குதிரைப் போட்டியில் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றியும் மோன்ட்கோமரி என்ற படைத்தலைவரும் ஈட்டியோடு மோதினர். உடைந்த ஈட்டியின் சிம்பு மன்னரின் கண்ணில் பாய்ந்தது. ஜூலை 10 அன்று அவர் இறந்தார். ஆளும் ஆளும் மோதும் விளையாட்டுக்கு அதன்பின் பிரெஞ்சு அரசவையில் மதிப்புக் குறைந்தது. தொங்கவிட்ட சிறு வளையத்தைப் பாய்ந்துவரும் குதிரைமேலிருந்தபடியே ஈட்டி நுனியில் கோத்தெடுக்கும் போட்டி அந்த இடத்துக்கு வந்தது. உயிருக்கு ஆபத்து குறைவு. ஆனால் குறிபார்க்கும் கண்ணும், குதிரையின் ஓட்டத்தோடு இசையும் உடலும் தேவை. 1612இல் பதின்மூன்றாம் லூயியின் திருமண நிச்சயத்தைக் கொண்டாட இத்தகைய குதிரைத் திருவிழா பாரிசில் மூன்று நாள் நடந்தது. அதற்குக் 'கரூசல்' என்று பெயர்.

எல்லாவற்றையும் விஞ்சியது 1662 ஜூனில் பதினான்காம் லூயி துய்லரி அரண்மனை முன்பு நடத்தியது. பிரபுக்கள் ஐந்து அணிகளாகப் பிரிந்தனர். ரோமர் அணிக்கு மன்னரே தலைமை. பாரசீகர், துருக்கியர், இந்தியர், அமெரிக்கர் என்று வேடமிட்ட மற்ற நான்குக்கும் உயர்குலத்தார் தலைமை ஏற்றனர். இறகுகளும் பொற்சரிகையும் குதிரைகளின் மேலும் மின்னின. பிற்காலத்து மரக்குதிரைகளின் நகைகளுக்கும் தலையிறகுகளுக்கும் முன்மாதிரியை இங்கேதான் தேட வேண்டும். அந்தத் திடல் இன்றும் கரூசல் சதுக்கம் என்றே அழைக்கப்படுகிறது.

வளையம் கோப்பதற்குப் பழக்கம் வேண்டும். நிஜக் குதிரையை அதற்காக நாளெல்லாம் ஓட்ட முடியாது. எனவே நடுத்தூணிலிருந்து நீளும் கைகளில் மரக்குதிரைகளைப் பூட்டி, ஆட்களோ விலங்குகளோ சுற்றிவிட, மேலே அமர்ந்தவர் வளையத்துக்குக் குறிவைத்துப் பழகினார். நாளடைவில் போட்டி மறைந்து பயிற்சிக் கருவி மட்டும் விளையாட்டாக நிலைத்தது. 1776இல் ராணி மேரி அன்டோனெட் தம் திரியனோன் மாளிகைத் தோட்டத்தில் சீனப் பாணியில் ஒன்றை அமைத்தார். இருக்கைகள் டிராகன், மயில் வடிவில் இருந்தன. பணியாளர்கள் நிலத்தடியில் மறைந்து நின்று அதைச் சுழற்றினர். அது இப்போது இல்லை. ஜெர்மனியில் ஹனாவு நகரை ஒட்டிய வில்ஹெல்ம்ஸ்பாட் பூங்காவில், ஹெஸ்ஸே-காசல் இளவரசர் வில்ஹெல்முக்காகக் கட்டடக்கலைஞர் கான்கிரின் 1780 வாக்கில் கட்டியது மட்டும் எஞ்சியிருக்கிறது. வட்டக் கோயில் போன்ற மண்டபம் மேலே. இயக்கும் பொறி செயற்கைக் குன்றின் வயிற்றுக்குள். நெடுங்காலம் ஓடாமல் கிடந்த அது சீரமைக்கப்பட்டு 2016இல் மீண்டும் சுழன்றது.

சந்தைக்கு வந்தவர்களுக்கு இந்த இன்பம் பெரிய அளவில் கிட்டியது நீராவியால். இங்கிலாந்தின் கிங்ஸ் லின் ஊரில் வேளாண் இயந்திரங்கள் செய்துவந்த பிரெடரிக் சாவேஜ், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராட்டினத்தின் நடுவே நீராவி எஞ்சினை வைத்தார். மேலே சுழலும் வளைதண்டுகள் குதிரைகளை ஏற்றி இறக்கின. பாயும் குதிரையின் அசைவு மரக்குதிரைக்கு வந்தது அப்போதுதான்.

ஐரோப்பியப் பெருநிலத்திலும் அமெரிக்காவிலும் ராட்டினம் பெரும்பாலும் இடஞ்சுழியாக ஓடும். சவாரி செய்பவரின் வலக்கை வெளிப்புறம் இருப்பதால் வளையம் பறிப்பது எளிது. இடப்பக்கமிருந்து குதிரையேறும் வழக்கத்தையொட்டி பிரிட்டனில் அது வலஞ்சுழி. அமெரிக்க ராட்டினங்களில் இரும்பு வளையங்களுக்கிடையே பித்தளை வளையம் கைக்கு வந்தால் இலவசமாக இன்னொரு சுற்று கிடைக்கும். வளையம் தரும் ராட்டினங்கள் அங்கே இன்று மிகக் குறைவு. அவற்றுள் ஒன்று கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் கடற்கரையில் 1911 முதல் ஓடிவருகிறது. பறித்த வளையத்தை அங்கே கோமாளி முகத்தின் திறந்த வாய்க்குள் எறிய வேண்டும்.