ஹெர்குலிஸ் வரைகலை அட்டை

ஹெர்குலிஸ் வரைகலை அட்டை என்பது ஐபிஎம் தனியாள் கணினியின் ஒற்றை நிறத் திரையில் படங்களைக் காட்டுவதற்காக 1982 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் உருவாக்கப்பட்ட விரிவாக்க அட்டை ஆகும். இதனை வடிவமைத்தவர் தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல்.

பின்னணி

1981 இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினிக்கு இரு காட்சி அட்டைகள் கிடைத்தன. ஒற்றை நிற அட்டை, பச்சைத் திரையில் 80 நெடுவரிசை, 25 வரிகளில் மிகத் தெளிவான எழுத்துகளைக் காட்டியது. ஆனால் அதன் 4 கிலோபைட்டு நினைவகத்தில் எழுத்துகளின் குறியெண்களும் தோற்றப் பண்புகளும் மட்டுமே இடம்பெற்றன. எழுத்துருவங்கள் 256 மட்டுமே. அவையும் அட்டையிலேயே நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் இல்லாத எதையும் திரையில் காட்ட இயலாது. வண்ண அட்டை படம் வரைந்தது. எனினும் அதன் எழுத்துகள் கரடுமுரடானவை, நாள் முழுவதும் படிக்க உகந்தவை அல்ல.

தாய்லாந்து மொழியில் உயிர்க்குறிகளும் தொனிக்குறிகளும் மெய்யெழுத்தின் மேலும் கீழும் அமைகின்றன. தமது முனைவர் பட்ட ஆய்வேட்டை அவ்வெழுத்துகளிலேயே கணினியில் எழுத சுவன்னுகுல் விரும்பியதே இவ்வட்டைக்குத் தூண்டுகோலாயிற்று. திரையின் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே இயக்க முடிந்தால் எந்த எழுத்தையும் வரையலாம்.

செயல்படும் விதம்

இவ்வட்டை பழைய எழுத்து முறையை அப்படியே வைத்துக்கொண்டு, 720 × 348 புள்ளிகள் கொண்ட வரைகலை முறையைச் சேர்த்தது. ஒரு புள்ளிக்கு ஒரு பிட்டு வீதம் ஒரு திரைக்கு 31,320 பைட்டுகள் தேவை. அட்டையில் 64 கிலோபைட்டு இருந்ததால் இரு பக்கங்களை வைக்கலாம். ஒன்றைக் காட்டும்போதே மற்றொன்றை வரையலாம்.

எழுத்து முறையில் 350 ஆக இருந்த கோடுகள் இங்கு 348 ஆனது ஏன்? திரையை இயக்கிய மோட்டோரோலா 6845 சில்லு எழுத்து வரிகளை எண்ணுவதற்கென அமைந்தது. நான்கு கோடுகளை ஓர் எழுத்து வரியாகக் கொண்டு 87 வரிகள் அமைக்கப்பட்டன. இதனால் நினைவகமும் 8 கிலோபைட்டு அளவுள்ள நான்கு பகுதிகளாகப் பிரிந்தது. கோட்டின் எண்ணை நான்கால் வகுத்து, மீதியை 8192 ஆலும் ஈவை 90 ஆலும் பெருக்கிக் கூட்டினால் அக்கோடு தொடங்கும் இடம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, சுழியத்திலிருந்து எண்ணும்போது 6 ஆம் கோடு 16,474 இல் தொடங்கும்.

புள்ளிகள் சதுரமானவை அல்ல. அகலத்தைச் சரிசெய்யாமல் வரைந்த வட்டம் நெட்டையான நீள்வட்டமாகத் தெரியும்.

மென்பொருள்

ஐபிஎம் கணினியின் பயாஸ் இவ்வட்டையை அறியாது. எனவே ஒவ்வொரு நிரலும் 6845 இன் பதிவகங்களைத் தானே நிரப்ப வேண்டியிருந்தது. தவறான மதிப்புகளால் ஐபிஎம் 5151 திரையே பழுதாகும் அபாயமும் இருந்தது. 1983 இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 விரிதாள் இவ்வட்டையை ஆதரித்தது. கணக்கையும் அதன் வரைபடத்தையும் ஒரே திரையில் பார்க்க முடிந்ததால் அலுவலகங்களில் இது பரவியது. மலிவான நகல் அட்டைகளும் பெருகின.

1987 இல் விஜிஏ வந்தபின் இதன் தேவை குறைந்தது. எனினும் நிரலாளர்கள் 1990களிலும் இதனை வண்ண அட்டையுடன் சேர்த்துப் பயன்படுத்தினர். நிரல் வண்ணத் திரையில் ஓட, பிழைநீக்கி ஒற்றை நிறத் திரையில் இயங்கும். இரண்டாம் பக்கம் வண்ண அட்டையின் நினைவக முகவரியிலேயே அமைவதால், அப்போது அதனை முடக்கி வைக்க வேண்டும்.