வேதமும் வாக்குச்சீட்டும்: உகாண்டா தரும் பாடம்

தேர்தல் என்று வந்துவிட்டால், அது நாடாளுமன்றத் தேர்தலாக இருந்தாலும் சரி, தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளைத் தேர்தலாக இருந்தாலும் சரி, நம்மிடையே முதலில் எழும் கேள்வி, "அவர் நம்ம ஆளா?" என்பதுதான். "அவர் என்ன செய்வார்?" என்ற கேள்வி அதற்குப் பிறகே வருகிறது, சில வேளைகளில் வராமலே போய்விடுகிறது. முதல் கேள்வியோடு நின்றுவிட்ட ஒரு நாட்டின் கதையை இன்று நாம் பார்ப்போம். அந்த நாடு கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள உகாண்டா. அங்கே பிரிந்து நின்றவர்கள் வேறு வேறு மதத்தினர் அல்லர். ஒரே வேதத்தைப் படித்து, ஒரே ஏசுநாதரை வணங்கிய கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கருமே அப்படிப் பிரிந்தார்கள்.

இந்த இரு சபையினரும் யார் என்பதை முதலில் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். கத்தோலிக்கர் ரோமாபுரியில் இருக்கும் போப்பாண்டவரைத் தங்கள் தலைவராக ஏற்றவர்கள். 1534ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, போப்பாண்டவரின் அதிகாரத்தை விலக்கிவிட்டு, தம் நாட்டுத் திருச்சபைக்குத் தாமே தலைவரானார். அந்தச் சபையின் வழிவந்தவர்களே ஆங்கிலிக்கர். இரு சபைகளுக்கும் ஆயர்கள் உண்டு, ஞானஸ்நானம் உண்டு. எனினும் பல நூற்றாண்டுகளாக ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்தே வந்தார்கள். ஐரோப்பாவில் பிறந்த அந்தப் பிணக்கு, கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் சென்றது.

விக்டோரியா ஏரியின் வடகரையில் புகாண்டா என்றொரு பழைய அரசு இருந்தது. அதன் மன்னரைக் கபாகா என்று அழைப்பார்கள். 1877இல் இங்கிலாந்திலிருந்து ஆங்கிலிக்க ஊழியர்கள் அங்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1879இல், பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரிமார்களும் வந்தார்கள். கபாகா முத்தேசாவின் அவையில் இரு சாராரும் எதிரெதிரே நின்று வாதிட்டார்கள். "ஒரே கடவுளைப் பற்றிச் சொல்ல வந்த வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் ஏன் சண்டையிடுகிறார்கள்?" என்று அந்த மக்கள் வியந்திருக்க மாட்டார்களா? ஆயினும் அரண்மனை இளைஞர் பலர் இரு பக்கமும் சேர்ந்து எழுத்துப் படித்தார்கள், வேதம் படித்தார்கள்.

முத்தேசாவுக்குப் பின் 1884இல் அவர் மகன் முவாங்கா பட்டத்துக்கு வந்தார். தம் ஆணையைவிட இறைவன் ஆணையே பெரிது என்று சொல்லும் ஏவலர்களை அவர் பொறுக்கவில்லை. 1885 முதல் 1887 வரை, பெயர் தெரிந்தவர்கள் மட்டும் 45 கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் 22 பேர் கத்தோலிக்கர். 23 பேர் ஆங்கிலிக்கர். 1886 ஜூன் 3ஆம் நாள் நமுகோங்கோ என்னும் இடத்தில் சார்லஸ் லுவாங்கா முதலான இளைஞர்களை நாணற்கட்டுகளில் சுற்றித் தீயிட்டார்கள். அந்தத் தீ சபை பார்த்து எரியவில்லை. இரு சபை இளைஞர்களும் அங்கே மாண்டார்கள்.

சேர்ந்து செத்தவர்களின் தோழர்கள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? சிறிது காலம் அப்படித்தான் இருந்தார்கள். 1888இல் இரு சாராரும் தலைநகரிலிருந்து விரட்டப்பட்டபோது, ஒன்றாகப் போராடித் திரும்பி வந்தார்கள். ஆனால் வெற்றி கிடைத்ததும் பதவிகளைப் பங்கிட வேண்டியதாயிற்று. எந்தத் தலைவர் பதவி எந்தச் சபைக்கு, எந்த நிலம் யாருக்கு என்ற கணக்கில் பகை மூண்டது. ஒரு பக்கத்தாரைப் 'பிரெஞ்சுக்காரர்' என்றும், மறுபக்கத்தாரை 'ஆங்கிலேயர்' என்றும் மக்கள் அழைக்கலானார்கள். உண்மையில் எல்லாரும் ஒரே மண்ணில் பிறந்த, ஒரே மொழி பேசிய சகோதரர்கள்தாம்.

1892 ஜனவரி 24ஆம் நாள் மெங்கோவில் இரு தரப்பும் போரில் இறங்கின. பிரிட்டிஷ் வணிகக் கம்பெனியின் அதிகாரி லுகார்டு என்பவர் ஆங்கிலிக்கர் பக்கம் துப்பாக்கிகளைக் கொடுத்ததோடு, மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியையும் முழங்கச் செய்தார். கத்தோலிக்கர் தோற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் தென்மேற்கே புட்டு என்னும் பகுதிக்குப் போய்க் குடியேறினார்கள். 1894இல் பிரிட்டன் அந்த நாட்டைத் தன் பாதுகாப்பின் கீழ்க் கொண்டுவந்தது. 1900ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நிலமும் வட்டாரத் தலைவர் பதவிகளும் பங்கிடப்பட்டபோது, பெரும்பங்கு ஆங்கிலிக்கர் கைக்கே போனது.

'கத்தோலிக்கர் என்றால் பிரெஞ்சுக்காரரின் ஆள்' என்ற எண்ணத்தை மாற்றுவதற்காக, 1895இல் இங்கிலாந்திலிருந்து மில் ஹில் சபைக் கத்தோலிக்கப் பாதிரிமார்கள் அங்கு வரவழைக்கப்பட்டார்கள். இதே மில் ஹில் பாதிரிமார்கள்தாம் 1881 முதல் நமது சபா, சரவாக் பகுதிகளிலும் பணியாற்றியவர்கள். ஆனால் ஆள் மாறியதால் மட்டும் பகை மாறிவிடுமா? கம்பாலா நகரில் ஒரு குன்றின்மேல் நமிரெம்பே ஆங்கிலிக்கப் பேராலயம். எதிரே இன்னொரு குன்றின்மேல் ருபாகா கத்தோலிக்கப் பேராலயம். பள்ளிக்கூடங்களும் அவ்வாறே. ஆங்கிலிக்கருக்குப் புடோ கல்லூரி. கத்தோலிக்கருக்கு நமில்யாங்கோ, கிசுபி கல்லூரிகள். எந்தப் பள்ளியில் ஒரு பிள்ளை சேர்ந்ததோ, அந்தச் சபையின் பிள்ளையாகவே அது வளர்ந்தது. ஒரே கிராமத்துப் பிள்ளைகள் இரு வேறு உலகத்தில் படித்தார்கள்.

தொகையில் கத்தோலிக்கரே கூடுதலாக இருந்தார்கள். ஆனால் உயர்ந்த பதவிகளில் ஆங்கிலிக்கரே இருந்தார்கள். 1955இல் புகாண்டாவின் முதலமைச்சர் பதவிக்கு மத்தாயோ முக்வான்யா என்ற கத்தோலிக்கர் போட்டியிட்டு, மிகச் சில வாக்குகளில் தோற்றார். அடுத்த ஆண்டு அவர் புகாண்டாவின் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, கபாகா அவருக்கு இடமளிக்க மறுத்துவிட்டார். இப்படிப்பட்ட மனக்குறைகளிலிருந்தே ஜனநாயகக் கட்சி வலிமை பெற்றது. மனக்குறை பொய்யானது அன்று, நியாயமானதே. ஆனால் அதன் விளைவாக, கட்சிக்கும் சபைக்கும் இடையே இருந்த கோடு மறைந்துவிட்டது.

1960இல் மில்டன் ஒபோட்டே தலைமையில் உகாண்டா மக்கள் காங்கிரஸ் தோன்றியது. அதில் ஆங்கிலிக்கர் மிகுதி. மக்கள் இரு கட்சிகளுக்கும் கேலிப் பெயர் சூட்டினார்கள். ஜனநாயகக் கட்சியை 'போப்பாண்டவர் மதம்' என்றார்கள். மக்கள் காங்கிரஸை 'கேன்டர்பரி புரோட்டஸ்டண்டுகள் சங்கம்' என்றார்கள். கேன்டர்பரி என்பது இங்கிலாந்தில் ஆங்கிலிக்கத் தலைமைப் பேராயரின் ஊர். சிரித்துக்கொண்டே சொன்ன பெயர்தான். ஆனால் வாக்குச்சாவடியில் அது சிரிப்பாக இருக்கவில்லை.

1961 மார்ச்சில் தேர்தல் நடந்தது. புகாண்டா அரசு அந்தத் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. பெரும்பாலோர் வாக்களிக்கவில்லை. வாக்களித்த சிலரைக் கொண்டே ஜனநாயகக் கட்சி அங்கிருந்த 21 இடங்களில் 20ஐ வென்றது. நாடு முழுவதும் 82 இடங்களில் அதற்கு 43. ஒபோட்டே கட்சிக்கு 35. மொத்த வாக்குகளில் ஒபோட்டே கட்சியே முந்தியிருந்தாலும், ஜனநாயகக் கட்சித் தலைவர் பெனடிக்டோ கிவானுக்கா ஆட்சி அமைத்தார். 1962 மார்ச்சில் உகாண்டாவின் முதல் பிரதமரானார். அவர் கத்தோலிக்கர், கபாகாவின் குடிமகன், ஆனால் அரசகுலத்தவர் அல்லர். தம் குடிமகன் ஒருவர் தமக்கு மேலே அமர்வதை மெங்கோ அரண்மனை விரும்பவில்லை.

எனவே 'கபாகா மட்டுமே' என்ற பொருளில் ஒரு புதிய கட்சி எழுந்தது. அது ஒபோட்டேயோடு கைகோத்தது. 1962 ஏப்ரல் தேர்தலில் ஒபோட்டே கட்சிக்கு 37 இடங்கள். ஜனநாயகக் கட்சிக்கு 24. புகாண்டாவின் 21 இடங்களும் கபாகா கட்சிக்கு. கிவானுக்கா பதவி இழந்தார். 1962 அக்டோபர் 9ஆம் நாள் விடுதலைக் கொடியை ஏற்றியபோது ஒபோட்டேயே பிரதமர்.

அப்படியானால் ஆங்கிலிக்கர் ஆட்சி நிலைத்துவிட்டதா? அதுதான் இல்லை. நான்கே ஆண்டுகளில், 1966 மே மாதத்தில், ஒபோட்டேயின் படை கபாகாவின் அரண்மனையைத் தாக்கியது. கபாகா லண்டனுக்குத் தப்பியோடினார். அங்கேயே 1969இல் காலமானார். ஒபோட்டேயும் கபாகாவும் ஒரே சபையின் வழிவந்தவர்கள்! 'நம்ம ஆள்' என்ற உறவு, அதிகாரம் வந்ததும் அறுந்துபோயிற்று.

1971இல் இடி அமின் ராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்தார். இந்திய வம்சாவளியினரை 1972இல் 90 நாள் தவணை கொடுத்து நாட்டைவிட்டே விரட்டிய அதே அமின்தான். அவர் முதலில் கிவானுக்காவைச் சிறையிலிருந்து விடுவித்துத் தலைமை நீதிபதியாக்கினார். சட்டத்துக்குப் புறம்பாகக் காவலில் வைக்கப்பட்ட ஒருவரை விடுவிக்கச் சொல்லிக் கிவானுக்கா தீர்ப்பளித்தார். 1972 செப்டம்பரில், நீதிமன்றத்திலிருந்தே அவரை ராணுவத்தினர் இழுத்துச் சென்றார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1977 பிப்ரவரியில், ராணுவத்தின் கொடுமைகளைக் கண்டித்து ஆங்கிலிக்க ஆயர்கள் அமினுக்குக் கடிதம் எழுதினார்கள். 16ஆம் நாள் பேராயர் ஜனானி லுவும் கைதாகிக் கொல்லப்பட்டார். கார் விபத்து என்று அரசாங்கம் கூறியது, யாரும் நம்பவில்லை.

கத்தோலிக்க நீதிபதி ஒருவர். ஆங்கிலிக்கப் பேராயர் ஒருவர். 1886இல் நடந்தது மீண்டும் நடந்தது. கொடுங்கோலன் யாரையும் 'எந்தச் சபை?' என்று கேட்கவில்லை.

இந்தத் துன்பங்களுக்கு நடுவே வேறொரு வேலையும் ஓசையின்றி நடந்துகொண்டிருந்தது. விடுதலைக்கு அடுத்த ஆண்டு, 1963இல், இரு சபைகளும் சேர்ந்து உகாண்டா கிறிஸ்தவக் கூட்டு மன்றத்தை அமைத்தன. 1964இல் போப்பாண்டவர் ஆறாம் பவுல், 22 கத்தோலிக்க வேதசாட்சிகளைப் புனிதர்களாக அறிவித்தபோது, உடன் மாண்ட ஆங்கிலிக்கரையும் மறவாமல் குறிப்பிட்டார். 1969இல் உகாண்டாவுக்கு வந்து, நமுகோங்கோவில் இரு சபையினரின் நினைவிடங்களுக்கும் சென்றார். 2015இல் வந்த போப்பாண்டவர் பிரான்சிசும் அவ்வாறே இரு இடங்களிலும் வணங்கினார். ஜூன் 3ஆம் நாள் அங்கே பொது விடுமுறை. பலர் பல நாள் கால்நடையாகவே நடந்து அங்கு வந்து சேர்கிறார்கள்.

ஆயினும் அரசியலில் பழைய வடு எளிதில் ஆறவில்லை. 1980 டிசம்பர் தேர்தலில் மறுபடியும் அதே இரு கட்சிகள் மோதின. ஒபோட்டே வென்றதாக அறிவிக்கப்பட்டது. தேர்தலில் மோசடி என்று எதிர்த்தரப்பு கூறியது. உள்நாட்டுப் போர் மூண்டது. 1986 ஜனவரியில் யோவேரி முசேவெனி ஆட்சியைப் பிடித்தார். கட்சிகள் மக்களை மதத்தாலும் இனத்தாலும் பிரிக்கின்றன என்று சொல்லி, கட்சிகளின் செயற்பாட்டை முடக்கினார். அவர் சொன்ன குறை உண்மையானதே. ஆனால் மருந்து எப்படிப்பட்டது? 2005இல் பொது வாக்கெடுப்பு நடக்கும்வரை கட்சிகள் தேர்தலில் நிற்க முடியவில்லை. அதே ஆண்டில், ஒருவர் இத்தனை முறைதான் அதிபராகலாம் என்ற வரம்பும் நீக்கப்பட்டது. 2021 தேர்தலிலும் முசேவெனியே வென்றதாக அறிவிக்கப்பட்டார். மக்களின் பிரிவினை ஆட்சியாளருக்கு இரண்டு வகையில் உதவும் என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும். பிரித்து வாக்கு வாங்கவும் உதவும். 'பிரிந்துவிடுவீர்கள்' என்று சொல்லி உரிமையைப் பறிக்கவும் உதவும்.

2014ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, உகாண்டாவில் நூற்றுக்கு 39 பேர் கத்தோலிக்கர்; 32 பேர் ஆங்கிலிக்கர். எந்தச் சபையும் தனித்து நின்று நாட்டை ஆளப் போதாது. இதை அறிந்த சமயத் தலைவர்கள் 2001இல் முஸ்லிம்களையும் சேர்த்துச் சமயங்களுக்கிடையிலான மன்றம் ஒன்றை நிறுவினார்கள். 2016 தேர்தலின்போது, அதிபர் வேட்பாளர்களை ஒரே மேடையில் நிறுத்திக் கேள்வி கேட்கும் விவாதத்தை அந்த மன்றம் மூத்தோர் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து நடத்தியது. நாட்டின் வரலாற்றில் அதுவே முதல் முறை. ஒரு காலத்தில் 'இவருக்குப் போடு, அவருக்குப் போடாதே' என்று பிரிந்து நின்ற சபைகள், இப்போது ஒன்றாக நின்று, "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று வேட்பாளரைக் கேட்டன. தேர்தல் முறை அதனால் தூய்மையாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி எது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள் என்பதே செய்தி.

நேயர்களே, நம் தோட்டங்களில் கோயிலும் உண்டு, மாதாகோயிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு. பண்டிகை என்றால் லயத்துக்கு லயம் பலகாரத் தட்டு போகிறது. அந்தத் தட்டு தேர்தல் காலத்தில் நின்றுவிடக் கூடாது. மழை பெய்து வேலை நின்றால், எல்லார் வீட்டு வருமானமும்தான் குறைகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பழுதானால், எல்லார் பிள்ளைகளும்தான் நனைகிறார்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம் 'எங்கள் ஆளா?' என்று பார்ப்பதை விட்டு, கூலி, வீடு, பள்ளி, மருந்தகம் இவற்றைப் பற்றிக் கேட்போம். உகாண்டா மக்கள் பெருவிலை கொடுத்துக் கற்ற இந்தப் பாடத்தை நாம் விலை கொடுக்காமலே கற்றுக்கொள்ளலாம்.