சாலை விளக்கு: மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு



நம்மில் பலர் மின்துறையிலும் நெடுஞ்சாலைத் துறையிலும் இருக்கிறோம். நானும் சாலை விளக்கு வேலைதான் பார்க்கிறேன். ஆனால் தலைக்கு மேலே எரிகிற அந்த விளக்குக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று யாரும் யோசிப்பதில்லை.

சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் 1902-ல் கோலார் தங்கவயலுக்குப் போனது. 1905-ல் அதே மின்சாரம் பெங்களூர்த் தெருக்களில் விளக்காக எரிந்தது. சாலைக்கென்றே பிறந்தது சோடியம் விளக்கு. பழவேற்காட்டில் 1613-ல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்களே, அந்த டச்சுக்காரர்களின் நாட்டில்தான் 1932-ல் ஒரு சாலை முதன்முதலாகச் சோடியம் வெளிச்சம் கண்டது! 1960-களில் உயர் அழுத்த சோடியம் வந்தது. நம் நெடுஞ்சாலைகளில் பல ஆண்டுகள் எரிந்த மஞ்சள் வெளிச்சம் அதுதான்.

சாதாரண ரோட்டில் ஓரமாகக் கம்பம் நட்டால் போதும். 2008-ல் திறந்த கத்திப்பாரா மாதிரி மேம்பாலச் சந்திப்பில் அது போதாது. சாலைகள் வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும். கம்ப வரிசையைப் பார்த்து ஓட்டுபவருக்கு எது தன் பாதை என்றே குழம்பிவிடும். இப்படிப்பட்ட இடங்களுக்காக வந்ததுதான் உயர்கோபுர விளக்கு. 30 மீட்டர் உயரத்திலிருந்து மொத்த இடத்துக்கும் வெளிச்சம் தரும். பழுது பார்க்க விளக்கு வளையத்தையே கீழே இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்த மாற்றம் எல்.இ.டி. நீல எல்.இ.டி. கண்டுபிடித்தவர்களுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2015-ல் தெருவிளக்குகளை மாற்றும் தேசியத் திட்டம் தொடங்கியது. 250 வாட் சோடியம் எரிந்த இடத்தில் சுமார் 120 வாட்டே போதும். நிறமும் தெளிவாகத் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, பெரிய லாபம்தான்.

ஆனால் எல்லா இடமும் கத்திப்பாரா இல்லை. கல்கத்தா நெடுஞ்சாலையில் தச்சூர் கூட்டுச்சாலையில் திரும்பி, பொன்னேரி தாண்டிப் போனால் பழவேற்காட்டு மீனவர் குப்பங்கள். அந்தக் கடற்கரை மணலில் பங்குனி ஆமை முட்டையிடுகிறது. இரவில் பொரிக்கிற குஞ்சுகள் வெளிச்சமான பக்கம் நகரும். இயற்கையில் அந்தப் பக்கம் கடல்தான். கரையில் வெள்ளை விளக்கு எரிந்தால் கடலை விட்டு ரோட்டுக்கு வந்து சாகும். பழைய மஞ்சள் வெளிச்சம் இந்தக் கேட்டைக் குறைவாகவே செய்தது. வெள்ளை எல்.இ.டி.யில் நீலக் கதிர் அதிகம்; அதுதான் குஞ்சுகளை அதிகம் இழுக்கிறது.

ஆமைக்காகக் குப்பத்தை இருட்டில் போடு என்று நான் சொல்லவில்லை. விடியுமுன் வலையோடு போகிறவருக்கும், மீன் கூடையோடு வருகிற பெண்களுக்கும் வெளிச்சம் வேண்டும். அதற்கு வழி இருக்கிறது: கடல் பக்கம் மறைப்பு, உயரம் குறைந்த கம்பம், மஞ்சள் நிற எல்.இ.டி., பொரிக்கும் மாதங்களில் இரவில் மங்கலாக்குவது. எல்லாம் டெண்டரில் நாலு வரி சேர்க்கிற வேலைதான்.

நண்பர்களே, அந்த டெண்டரை எழுதும் நாற்காலியில் நம் கல்லூரி மாணவர் யாராவது இருப்பார். எத்தனை வாட் என்று கேட்பதோடு, வெளிச்சம் எங்கே விழுகிறது என்றும் அவர் கேட்க வேண்டும்.