ஒரு பைசா, ஒரு யூனிட்

எங்கள் புதுச்சத்திரம் பக்கம் மீட்டர் பெட்டிக்குள் ஒரு வெள்ளை அட்டை செருகியிருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர் அதில் தேதி, யூனிட், தொகை மூன்றையும் எழுதிவிட்டுப் போவார். இப்போது தொகை செல்பேசிக்கே வந்துவிடுகிறது. ஆனாலும் பெண்கள் முதலில் விசாரிப்பது தொகையை அல்ல, யூனிட்டைத்தான். "கண்ணு, ஐநூறத் தாண்டிருச்சான்னு பாரு" என்பார்கள். பொருளாதாரம் படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயர் வைப்பார்கள். ஊரில் இது சும்மா வீட்டுக்கணக்கு.

அந்தக் கணக்கு சரியானதுதான். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய் வீதம் 225. அடுத்த 200க்கு 4.50 வீதம் 900. கடைசி 100க்கு 6 ரூபாய் வீதம் 600. மொத்தம் 1,725 ரூபாய்.

501 யூனிட் ஓட்டினால்? ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் கூடும் என்றுதான் தோன்றும். அப்படியில்லை. ஐநூறைத் தாண்டியதும் வீடு வேறு அட்டவணைக்குப் போய்விடுகிறது. அங்கே 101லிருந்து 400 வரை எல்லா யூனிட்டுக்கும் 4.50. 2.25 ரூபாய் என்ற படியே கிடையாது. கூட்டினால் 1,958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். 2022க்கு முன்பிருந்த கட்டணத்தில் இது இன்னும் கொடுமை: நிலைக்கட்டணம் சேர்த்து 500 யூனிட்டுக்கு 1,130, 501க்கு 1,786 ரூபாய் 60 பைசா. ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாய்! விகிதங்கள் பிறகும் ஏறின. படிக்கட்டின் அமைப்பு மாறவில்லை.

கரண்ட் பில்லில் காசு மிச்சம் பிடிக்க விரும்பும் தமிழ்நாட்டு வீட்டுக்காரருக்கு இருக்கும் பெரிய கருவி இந்தப் படிதான். ரீடிங் தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது, 40ஆம் நாளில் தானே மீட்டரைப் பார்த்துக்கொள்வது, கடைசி இரண்டு வாரம் ஏ.சி.யையும் ஹீட்டரையும் கட்டுப்படுத்துவது. அவ்வளவுதான். கம்பெனியை மாற்றலாமே என்று கேட்டால், மாற்றுவதற்கு இன்னொரு கம்பெனி இல்லை.

இந்த இல்லாமையை நான் கவனித்ததே என் வேலையால்தான். சில வருடங்கள் ஒரு பிரிட்டிஷ் மின்விற்பனை நிறுவனத்துக்கான மென்பொருளில் வேலை பார்த்தேன். ஒரு வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்குப் போகிறேன் என்றால் அவரது மீட்டர் எண்ணும் கடைசி ரீடிங்கும் இங்கிருந்து அங்கே போய்ச் சேர வேண்டும். 2022 முதல் அங்கே இது ஐந்து வேலை நாளுக்குள் முடிய வேண்டும் என்பது விதி. கம்பி மாறாது, மீட்டர் மாறாது, மின்சாரமும் அதே மின்சாரம். பில்லின் தலைப்பில் இருக்கும் பெயரும் விலையும் மட்டும் மாறும். 1998-99 வாக்கில் அந்த நாட்டு வீடுகளுக்கு இந்த உரிமை வந்தது. ஒப்பிட்டுப் பார், மலிவானதுக்குத் தாவு என்பதே அங்கே குடிமைப் பாடம்.

இந்த வசதி நம் ஊருக்கு ஏன் வரவில்லை? பின்தங்கிவிட்டோம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் சேலம், நாமக்கல், கோவைச் சமவெளிகளின் வரலாறு வேறொரு பதில் சொல்கிறது. இங்கே மக்கள் கம்பெனியை மாற்றவில்லை. கட்டணத்தையே மாற்றினார்கள்.

*

காவிரி நாமக்கல் மாவட்டத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. பள்ளிபாளையத்துக்கும் பரமத்தி வேலூருக்கும் மோகனூருக்கும் ஆறு உண்டு. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் நெடுஞ்சாலையில் இருக்கும் புதுச்சத்திரத்துக்கு இல்லை. 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டபோது தண்ணீர் கீழே தஞ்சைக்குப் போயிற்று. எங்களுக்கு அந்த அணையிலிருந்து வந்தது கம்பி வழியாகத்தான். 1937இல் மேட்டூரில் மின் உற்பத்தி தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நீலகிரியில் பைக்காரா ஓட ஆரம்பித்திருந்தது. ஆறு இல்லாத பாறை நிலத்தில் மாடு கட்டிக் கவலை ஓட்டி இறைத்த கிணற்றுக்கு மோட்டார் வந்தது. டெல்டாக்காரருக்கு வாய்க்கால் எப்படியோ, எங்களுக்கு மின்கம்பி அப்படி. வாய்க்கால் தண்ணீருக்கு வரி கொஞ்சம். மோட்டார் தண்ணீருக்கு யூனிட் கணக்கில் காசு. மின்கட்டணம் இங்கே உயிர்ப்பிரச்சினை ஆனதன் காரணம் இதுதான்.

அன்று விற்பவர் ஒருவர் மட்டும் இருக்கவில்லை. சென்னை நகரத்தில் தனியார் கம்பெனி. அதை 1947இல் மாகாண அரசு எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் சேலம் ஈரோடு மின்விநியோகக் கம்பெனி 1960களிலும் இருந்தது. ஆனால் அவரவருக்கு அவரவர் எல்லை. ஒரே தெருவில் இரண்டு கடை கிடையாது. 1948ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டம் மாநிலத்துக்கு ஒரு வாரியம் அமைக்க வழி செய்தது. 1957 ஜூலை 1 அன்று நம் மின்வாரியம் பிறந்தது. கம்பெனிகள் போய் ஊர் முழுக்க 'ஈபி' என்ற ஒரே பெயர் நின்றது.

ஒரே கடை என்றால் விலையைக் கடைக்காரர் வைப்பார். 1970இல் விவசாய மின்கட்டணம் யூனிட்டுக்கு 10 பைசா ஆனது. கோவைப் பகுதி விவசாயிகள் சங்கத்தினர் கேட்டது ஒரு பைசாக் குறைப்பு. ஒரே ஒரு பைசா. 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972இல் மறுபடி போராட்டம். நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகள் கோவை நகரத்துக்குள் வந்து சாலைகளை அடைத்துக்கொண்டு நின்றன. ஜூலை 5 அன்று துப்பாக்கிச் சூடு. அந்த நாளில் உயிர்கள் போன இடங்களில் சேலம் மாவட்டத்துப் பெத்தநாயக்கன்பாளையமும் ஒன்று. புதுச்சத்திரமும் அப்போது சேலம் மாவட்டம்தான். இன்றும் ஜூலை 5ஐ விவசாயிகள் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். மின்கட்டணத்துக்காக ஒரு நினைவுநாள் வேறெந்த ஊரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பெருமாநல்லூரில் சூடு நடந்த அதே 1970இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்காவில் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார்: 'எக்ஸிட், வாய்ஸ் அண்ட் லாயல்டி'. ஒரு நிறுவனம் சரியில்லை என்றால் மனிதர்கள் செய்யக்கூடியவை இரண்டு என்கிறார். ஒன்று, வெளியேறுவது. இன்னொன்று, உள்ளே நின்று குரல் கொடுப்பது. சந்தை முதலாவதை நம்புகிறது, அரசியல் இரண்டாவதை. நைஜீரியாவின் ரயில்வேயை அவர் உதாரணம் காட்டுகிறார். சரக்கு அனுப்புபவர்களுக்கு லாரி என்ற மாற்று இருந்தது. அதனால் ரயில்வே திருந்தியிருக்க வேண்டும் அல்லவா? திருந்தவில்லை. யார் அதிகம் சத்தம் போட்டிருப்பார்களோ அவர்கள்தான் முதலில் லாரிக்குப் போனார்கள். மிஞ்சியவர்களின் குரலுக்கு வலு இல்லை.

எங்கள் சமவெளியில் லாரி இல்லை. ஆகவே குரல் உரக்க எழுந்தது.

அந்தக் குரல் என்ன வாங்கித் தந்தது என்பதற்குத் தேதிகள் உண்டு. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் தந்தது. 1989இல் திரும்பி வந்த கருணாநிதி அதை எல்லா விவசாயிகளுக்கும் விரித்தார். 1970லும் 1972லும் முதல்வராக இருந்தவரும் அவர்தான். 2003 மார்ச்சில், புதிதாக வந்திருந்த மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முதல் கட்டண உத்தரவோடு ஜெயலலிதா அரசு அந்த இலவசத்தை நிறுத்தியது. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் எதிரணிக்குப் போயின. அதே மே மாதத்தில் இலவசம் திரும்பி வந்தது. 2016 மே 23 அன்று மீண்டும் முதல்வரானதும் ஜெயலலிதா கையெழுத்திட்ட கோப்புகளில் ஒன்று, எல்லா வீட்டுக்கும் முதல் 100 யூனிட் இலவசம் என்பது. வயலில் தொடங்கிய குரலின் பலன் வீட்டு மீட்டருக்கு வந்து சேர நாற்பத்தாறு வருடம் ஆயிற்று.

*

இதை வெற்றிக்கதையாக மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. குரலுக்கும் பில் வரும்.

இலவச மோட்டாருக்கு யூனிட் கணக்கு இல்லை. எங்கள் பக்கத்துக் கிணறுகள் வற்றி, போர்கள் ஆயிரம் அடியைத் தாண்டியதில் அதற்கும் பங்கு உண்டு. அரசு தரும் மானியம், தொழிற்சாலைகள் கட்டும் கூடுதல் விலை, கடன் இந்த மூன்றையும் வைத்துத்தான் வாரியம் ஓடுகிறது. 2017 ஜனவரியில் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்ட வாரியக் கடன் மட்டும் 22,815 கோடி ரூபாய். 2008க்குப் பிந்தைய ஐந்து வருடங்களில் மின்வெட்டு எங்கள் கோழிப்பண்ணைகளையும் விசைத்தறிகளையும் என்ன பாடு படுத்தியது என்பதை அந்த வயதில் ஊரில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். அப்போது 'வேறு கம்பெனி' என்று ஒன்று இருந்திருந்தால் எல்லாரும் ஓடியிருப்போம்.

ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு ஊர் சாட்சி: மும்பை. அங்கே புறநகரில் ரிலையன்ஸ் கம்பி. டாடா பவருக்கும் அதே பகுதியில் உரிமம் இருந்தது. சின்ன வீடுகளுக்கும் டாடா விற்கலாமா என்ற வழக்கில் 2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விற்கலாம் என்றது. 2009 அக்டோபரில் மகாராஷ்டிர ஆணையம், ரிலையன்ஸின் கம்பியிலேயே டாடாவின் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டது. டாடாவின் விலை குறைவு. லட்சக்கணக்கான வீடுகள் மாறின.

அதிகம் மின்சாரம் ஓட்டுபவருக்குத்தான் அதிக லாபம், ஆகவே பெரிய வீடுகள் முந்திக்கொண்டன. பெரியவர் கட்டும் கூடுதல் காசில்தான் சின்னவரின் விலை குறைந்திருந்தது. பெரியவர் போனதும் ரிலையன்ஸில் மிஞ்சிய சின்னவர்களின் சுமையைத் தூக்க ஆள் குறைந்தது. மாறிப் போனவர்கள்மீது ஆணையம் ஒரு கூடுதல் கட்டணம் போட்டது. அதுவும் போதாமல் 2012இல், இனி 300 யூனிட் வரை ஓட்டும் வீடுகளை மட்டும்தான் டாடா மாற்றிக்கொள்ளலாம் என்று கட்டுப்படுத்தியது. ஹிர்ஷ்மனின் ரயில் கதை அப்படியே மின்கம்பியில் நடந்தது.

பிரிட்டனிலும் வெளியேறும் கதவு எல்லாருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை. அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2016இல் கணக்கிட்டபோது ஆறு பெரிய நிறுவனங்களின் வாடிக்கையாளரில் சுமார் 70 சதவீதம் பேர் மாறாமல் இருப்பவருக்கான விலையுயர்ந்த கட்டணத்தில்தான் இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நேரமும் இணையமும் இருந்தவர்கள் மிச்சம் பிடித்தார்கள். இல்லாதவர்கள் அந்த மிச்சத்துக்கும் சேர்த்துக் கட்டினார்கள். 2019இல் அரசே விலைக்கு உச்சவரம்பு வைக்க வேண்டியிருந்தது. 2021இல் எரிவாயு விலை ஏறியபோது விற்பனைக் கம்பெனிகள் வரிசையாகத் திவாலாயின.

*

தமிழ்நாட்டில் வெளியேறும் வழியே இல்லை என்று மேலே சொன்னதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். வீட்டுக்குத்தான் இல்லை. 2003 மின்சாரச் சட்டம் வந்த பிறகு பெரிய நுகர்வோர் வெளியிலிருந்து மின்சாரம் வாங்கலாம். கொங்குப் பகுதி நூல்மில்கள் காற்றாலையில் பங்கு வைத்து, வாரியத்தின் கம்பிக்கு வாடகை கொடுத்து, தங்கள் மின்சாரத்தைக் கொண்டுவருகின்றன. 2022இல் வந்த பசுமை மின்சார விதிகளில் இதற்கான தகுதி ஒரு மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாகக் குறைந்தது.

இப்போது வீட்டுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அது கூரை. 2024 பிப்ரவரியில் அறிவித்த ஒன்றிய அரசின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் போடுபவருக்கு 78,000 ரூபாய் மானியம். மீதிக் காசைத் தானோ கடனோ போட வேண்டும். காங்கிரீட் மாடி வேண்டும். சொந்த வீடு வேண்டும். நெடுஞ்சாலையோரம் புதிதாக எழும் வீடுகளில் நீலப் பலகைகள் தெரிகின்றன. ஓட்டுவீட்டிலும் வாடகை லைன்வீட்டிலும் தெரியவில்லை.

பலகை போடுவது தவறே இல்லை. எங்கள் பக்கத்து வெயிலுக்கு அதைவிட நல்ல உபயோகம் கிடையாது. ஆனால் 501ஆம் யூனிட்டைக் கட்டிக்கொண்டிருந்தவர் மாடிக்குப் போய்விட்டால், கீழே 180 யூனிட் ஓட்டும் வீட்டின் குறைந்த விலையை யார் தாங்குவது? அந்த விலை சந்தையில் பிறந்தது அல்ல. எல்லாரும் ஒரே கம்பியில் மாட்டியிருந்ததால், ஒரே கோபத்தில் தெருவுக்கு வந்ததால் பிறந்தது. மில்லும் மாடிவீடும் அமைதியாகக் கழன்றுகொண்ட பிறகு, அடுத்த கட்டண உயர்வின்போது மாட்டுவண்டி கட்ட யார் இருப்பார்கள்?

பெரிய கட்டண மாற்றங்களுக்கு முன்பு ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவது உண்டு. யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம், எழுதியும் அனுப்பலாம். அந்த அரங்கில் மைக் பிடிப்பவர்கள் பெரும்பாலும் தொழில் சங்கத்தினர். ஐநூறு யூனிட்டை விரல்விட்டு எண்ணும் வீடுகளிலிருந்து வருபவர்கள் மிகக் குறைவு. ஒரு பைசாவுக்காக மூன்று பேர் விழுந்த மண்ணில், ஒற்றை யூனிட்டுக்கு இவ்வளவு ரூபாய் ஏன் என்று எழுந்து கேட்பதற்கு இன்று ஒரு பஸ் டிக்கெட் காசுதான் செலவு.