ஸ்பிரே: பழுது பார்த்துப் பார்த்தே உலகைச் சுற்றிய படகு

பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர் யார்? பொது அறிவுப் புத்தகங்களில் "ஜோஷுவா ஸ்லோகம்" என்று ஒரே வரியில் பதில் இருக்கும். 1895 ஏப்ரல் 24இல் அமெரிக்காவின் பாஸ்டனில் புறப்பட்டு, 1898 ஜூன் 27இல் நியூபோர்ட்டில் கரை சேர்ந்தார். கடந்த தூரம் சுமார் 46,000 மைல். இத்தனைக்கும் மனிதருக்கு நீச்சல் தெரியாது!

மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒரு மரப்படகு உப்புத் தண்ணீரிலேயே கிடந்தால் என்ன ஆகும்? பலகை இடுக்குகள் விடும், பாய் கிழியும், கயிறு நையும், புழு துளைக்கும். வீடும் வாகனமும் அதுவே என்னும்போது, பழுது பார்க்கும் ஆளும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். ஸ்லோகம் அப்படிப்பட்ட ஆள்.

1844இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த அவர், பெரிய பாய்மரக் கப்பல்களில் கேப்டனாக உயர்ந்தவர். முதல் மனைவி வர்ஜீனியாவும் பிள்ளைகளும் அவருடன் கப்பலிலேயே குடும்பம் நடத்தினார்கள். 1884இல் ப்யூனஸ் அயர்ஸில் கப்பல் நின்றிருந்தபோது வர்ஜீனியா இறந்துபோனார். 1887 இறுதியில் பிரேசில் கரையில் அந்தக் கப்பலும் தரைதட்டி அழிந்தது. இரண்டாவது மனைவி, இரண்டு மகன்களுடன் அந்நிய மண்ணில் நின்ற ஸ்லோகம், 35 அடியில் ஒரு படகைக் கட்டி அதிலேயே அமெரிக்கா திரும்பினார். அது கடலில் இறங்கிய 1888 மே 13 அன்றுதான் பிரேசிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதனால் படகின் பெயர் 'லிபர்டாடே', அதாவது சுதந்திரம்.

நாடு திரும்பியவருக்கு வேலை இல்லை. நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டன. பாய்மரக் கேப்டன்களை யாரும் தேடவில்லை. 1892இல் திமிங்கில வேட்டையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பழைய கேப்டன், "ஒரு கப்பல் தருகிறேன், கொஞ்சம் பழுது பார்க்க வேண்டியிருக்கும்" என்றார். ஃபேர்ஹேவன் ஊருக்குப் போய்ப் பார்த்தால் கடலுக்குத் தள்ளி ஒரு வயல்வெளியில் முட்டுக் கொடுத்து, கித்தான் போர்த்தி, சிப்பி பிடிக்கும் பழைய படகு ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதுதான் ஸ்பிரே. அவர் அதை உடைத்து விறகாக்க வந்ததாகவே ஊர்க்காரர்கள் நினைத்தார்கள்.

ஸ்லோகம் அருகிலிருந்த ஓக் மரத்தை வெட்டினார். மரச் சட்டங்களை நீராவியில் வேகவைத்து வளைத்து விலா எலும்புகளாகப் பொருத்தி, அவற்றின்மேல் ஒன்றரை அங்குல பைன் பலகைகளை அடித்தார். பிறகு பலகை இடுக்குகளில் பஞ்சும் நாரும் திணித்து அடைக்கும் வேலை. (நம் பக்கத்தில் இதற்குக் கலப்பத்து என்று பெயர்.) பழைய உறுப்பு ஒவ்வொன்றாகக் கழன்று புதியது ஏறியது. கடைசியில் மிஞ்சியது பழைய படகா, புதிய படகா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடி 2 அங்குலம். பொருட்களுக்கு ஆன செலவு 553.62 டாலர், உழைப்பு 13 மாதம்.

மேம்பாடு அதோடு முடியவில்லை. 1896 தொடக்கத்தில், மனைவியை இழந்த அதே ப்யூனஸ் அயர்ஸில், பாய்மரத்தைக் கழற்றி ஏழு அடி குறைத்தார். முன்புறம் நீட்டிக்கொண்டிருந்த மரத்திலும் ஏறக்குறைய ஐந்தடி வெட்டினார். தெற்கே வீசும் காற்றுக்கு உயரம் ஆபத்து என்பது அவருக்குத் தெரியும். மாகெல்லன் நீரிணையில் பின்பக்கத்தில் ஒரு சிறு பாய்மரம் கூடுதலாக நட்டார். ஒரே பெரிய பாயின் சுமை இரண்டாகப் பிரிந்ததால், தனி ஆளுக்குக் கையாள்வது எளிதானது.

நீரிணையைக் கடந்து பசிபிக்கில் நுழைந்ததும் பெரும் புயல். பிரதான பாய் கந்தலாகி, படகு கேப் ஹார்ன் பக்கம் தள்ளப்பட்டது. திரும்ப நீரிணைக்குள் வந்தவர், நங்கூரமிட்டபோதும் ஓடும்போதும் ஊசியும் கையுமாக இருந்தார். சதுரப்பாய் ஒன்றில் துண்டு துண்டாக ஒட்டுப்போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உருப்படியான பெரிய பாயாக வளர்த்தெடுத்தார். அந்தப் பயணத்தில் மிகவும் துணிச்சலான வேலை எது என்றால் இந்தத் தையலைத்தான் சொல்ல வேண்டும்.

தாஸ்மானியாவில் படகைக் கரையேற்றி, மரம் துளைக்கும் கப்பல்புழு இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினார். ஒன்றும் இல்லை. ஆனாலும் அடிப்பகுதிக்கு இன்னொரு பூச்சு செம்புச் சாயம் அடித்தார், போக வேண்டியது வெப்பக் கடல்கள் அல்லவா! அந்த உழைப்புக்குப் பலன் இந்தியப் பெருங்கடலில் கிடைத்தது. தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவு வரை 2,700 மைல், 23 நாள். பாய்கள் அவ்வளவு சமநிலையாக இருந்ததால் சுக்கானைக் கட்டிவிட்டுப் புத்தகம் படித்தார். அதைக் கையில் பிடித்தது மொத்தமே மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லையாம்.

எல்லாவற்றுக்கும் அவர் செலவு செய்துவிடவில்லை. கடல்வழி கணிக்கும் துல்லியக் கடிகாரத்தைச் சரிசெய்ய 15 டாலர் ஆகும் என்றதும் அதை விட்டுவிட்டார். முகப்பு உடைந்திருந்ததால் ஒன்றரை டாலரிலிருந்து ஒரு டாலருக்கு இறங்கிய தகரக் கடிகாரம் ஒன்றை வாங்கினார். வழியில் அதன் நிமிட முள்ளும் போய்விட்டது. கடிகாரத்தை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்த பிறகு மணியை மட்டும் காட்டியது, அதுவே போதும் என்றார்!

1900இல் அவரது பயண நூல் வெளிவந்து புகழ் தந்தது. தீவொன்றில் நிலம் வாங்கி விவசாயமும் பார்த்தார், மனம் ஒட்டவில்லை. குளிர்காலங்களில் மறுபடி ஸ்பிரேயிலேயே வாழ்ந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்தார். ஆனால் அந்தக் கடைசி ஆண்டுகளில் படகைப் பார்த்தவர்கள், கயிறுகள் நைந்து பராமரிப்பு குறைந்திருந்ததாகக் கூறினர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

தென் அமெரிக்காவின் ஓரினோகோ ஆற்றைப் பார்க்கும் எண்ணத்தோடு வைன்யார்ட் ஹேவன் துறைமுகத்திலிருந்து தனியாகக் கிளம்பினார். அது 1908ஆ 1909ஆ என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கப்பல் மோதியது என்பார் சிலர், பலகை விட்டது என்பார் சிலர். ஸ்பிரேயின் ஒரு மரத்துண்டுகூடக் கிடைக்கவில்லை. 1924இல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.